லாங்கு பஜார் தகரப் பட்டறை: நைனாவோட மிலிட்டரி பெட்டிய ரிப்பேருக்குக் குடுத்த அனுபவம்

வேலூர்ல பழைய டிரங்குப் பெட்டி ரிப்பேர் பண்ணித் தர்ற எடம் எதுன்னு தேடறவங்களுக்காக இத எழுதறேன். நான் தேடின நேரத்துல யாருமே சரியா சொல்லல, கேட்ட பத்து பேர்ல எட்டு பேர் "எடைக்குப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கிக்கோ"ன்னாங்க, மீதி ரெண்டு பேர் பீரோ பாக்கற வெல்டிங் கடைய காட்டினாங்க. கடைசியில கெடச்சது நல்ல எடம். ஒரு விஷயத்துல மட்டும் மனசு ரொம்ப கஷ்டமாச்சு, அதையும் மறைக்காம சொல்றேன்.

மொதல்ல பெட்டிய பத்தி சொல்லணும். எங்க நைனா ஏ.எஸ்.சி.ல, அதாவது பட்டாளத்துக்கு சாமான் கொண்டு போய் சேக்கற பிரிவுல டிரைவர், 1980ல சேர்ந்தாரு, பெங்களூர் சென்டர்ல டிரெய்னிங் முடிச்சு 2004ல ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்தாரு. எங்க ஊரு கணியம்பாடி பக்கம். அங்க இருந்து கிட்ட தான் கம்மவான்பேட்டை, அத மிலிட்டரிப்பேட்டைன்னு சொன்னா தான் வெளியூர்க்காரங்களுக்கே தெரியும், அவ்ளோ பேர் பட்டாளத்துல. எங்க பக்கம் எந்த வீட்டுல கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாலும் ஒரு கருப்பு தகரப் பெட்டி இருக்கும், முன்பக்கம் வெள்ளை பெயிண்ட்ல நம்பர், ரேங்க், பேரு எழுதியிருக்கும். நைனாவோடது டிரெய்னிங் முடிச்சப்ப பெங்களூர்லயே வாங்கினது, 24 வருஷமும் அவர் கூடவே சுத்தின பெட்டி. போன மழையில பின்கட்டுல தண்ணி நின்னு, அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு, கீல் ஒண்ணு விட்டுப் போச்சு, மூடியில ஒரு மூலை ஒடுங்கி சரியாவே மூடல. நைனா ஒண்ணும் சொல்லல. தெனம் காலையில அத திண்ணையில கொண்டாந்து வெயில்ல வெச்சு சாயங்காலம் உள்ள எடுத்து வெப்பாரு, அத பாத்துட்டு தான் நான் கெளம்பினேன்.

கடைக்கு போர்டு கெடையாது. லாங்கு பஜார்ல மணிக்கூண்டு தாண்டி பாத்திரக்கடைங்க பக்கமா உள்ள போற சந்துல, சுத்தியல் சத்தம் கேக்கற எடம். மணிக்கூண்டு வழியா போறவங்க அதுல பதிச்சிருக்கற கல்ல ஒரு தடவ நின்னு படிங்க, தள்ளுவண்டி கூட்டத்துல கண்ணுல படாது, நானே இந்த வயசுக்கு அன்னைக்கு தான் படிச்சேன். மொத உலகப் போருக்கு இந்த ஊர்ல இருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிர விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கு. அப்ப மீதி 263 பேர் திரும்பி வந்திருப்பாங்க இல்ல, அவங்க அங்க கப்பல்லயும் டெண்ட்டுலயும் ராத்திரி என்ன பேசினாங்க, என்ன சாப்ட்டாங்க, யாருக்கு லெட்டர் எழுதினாங்கன்னு எங்கயும் எழுதி வெக்கல. பெட்டிய ஆட்டோவுல வெச்சுக்கிட்டு அத படிச்சதால தானோ என்னவோ அந்த நெனப்பு ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு.

பட்டறைய நடத்தறவரு ஒரு வயசான பாய், எழுபதுக்கு மேல இருக்கும். பெட்டிய பாத்ததும் நம்பர் எழுதியிருக்கறத வெச்சே "கம்மவான்பேட்டையாம்மா?"ன்னு கேட்டாரு. அந்தப் பக்கத்துல இருந்து நெறைய பெட்டி வருமாம். தகடு ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து, "அடி போச்சு, பக்கம் நாலும் நல்லா கீது, இந்த மாதிரி தகரம் இப்ப வரதில்ல"ன்னு சொன்னாரு. வெல்டிங் வேணாம்னு அவரே சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சுது, பழைய மெல்லிசு தகட்டுல வெல்டிங் வெச்சா சூட்டுல ஓட்ட விழுந்துடும், ரிவிட்டு தான் நிக்கும்னு வெளக்கமா சொன்னாரு. அடிக்கு புது ஜி.ஐ. சீட்டு, பழைய ரிவிட்டு இருந்த எடத்துலயே புது ரிவிட்டு, ஒடுக்கு எடுக்கறது, ரெண்டு கீல், ஒரு கைப்பிடி, துரு தேய்ச்சு ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, மேல கருப்பு எனாமல். எல்லாம் சேத்து 1,850 ரூபா, அட்வான்ஸ் 500. அஞ்சு நாள்ல தரேன்னு சொல்லிட்டு 17 நாள் ஆக்கினாங்க, நடுவுல மூணு தடவ பஸ் ஏறி போயிட்டு சும்மா திரும்பினேன். ஃபோன் பண்ணி கேட்டுட்டு போங்க.

குடுக்கறப்பவே ரெண்டு விஷயம் சொன்னேன். மூடியோட உள்பக்கத்த தொடக்கூடாது, முன்பக்கம் இருக்கற எழுத்த தொடக்கூடாது.

மூடியோட உள்பக்கம் ஏன்னா, பட்டாளத்துல இருக்கறவங்களுக்கு சொந்தமா செவுரு கெடையாது, அந்த மூடி தான் செவுரு. நைனாவோட மூடிக்குள்ள ரத்தினகிரி முருகன் காலண்டர் படம், படவேடு ரேணுகாம்பாள் படம், அதுக்குக் கீழ அம்மாவும் நானும் தம்பியும் ஸ்டுடியோவுல நீலத் திரைக்கு முன்னாடி வெறைச்சுக்கிட்டு நிக்கற போட்டோ, எல்லாம் பசை வெச்சு ஒட்டினது, ஓரம் மஞ்சளாயி சுருண்டு கெடக்கு. போட்டோவுக்கு பக்கத்துல பென்சில்ல நாலு காலம், மேல மு, பா, ரெ, சி-ன்னு நாலு எழுத்து, கீழ கோடு கோடா. சின்ன வயசுல இருந்து அத பாத்திருக்கேன், ஏதோ டீசல் கணக்குன்னு நெனச்சிருந்தேன். பெட்டிய காலி பண்ணின அன்னைக்கு தான் கேட்டேன், நைனா சிரிச்சுட்டு "அது ரம்மி ஸ்கோர் பாப்பா, கார்கில் டைம்ல போட்டது"ன்னாரு.

1999ல நான் ஆறாங்கிளாஸ். மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் எங்க வீட்டுல டிவிய ஆஃப் பண்ணவே இல்ல. திருச்சிக்காரரு மேஜர் சரவணன் மே 29ந்தேதி படாலிக்ல இறந்து போனாரு, அவர் ஒடம்பு கெடைக்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அந்த நாள்ல எங்க அம்மா சோறு வெச்ச தட்டு முன்னாடி அப்டியே ஒக்காந்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஜூன் 13ல தோலோலிங் மலைய புடிச்சாங்க, ஜூலை 4ல டைகர் ஹில், டிவில எந்நேரமும் போபர்ஸ் பீரங்கி சுடறத காட்டுவாங்க. அந்தச் சண்டையில ரெண்டரை லட்சத்துக்கு மேல ஷெல்லும் ராக்கெட்டும் சுட்டிருக்காங்க. போபர்ஸ் ஷெல் ஒண்ணே நாப்பது கிலோவுக்கு மேல, அவ்ளோவும் யாராவது ஒருத்தர் லாரியில ஏத்திக்கிட்டு மலை ஏறினா தான் பீரங்கிக்குப் போய் சேரும். எங்க நைனா அந்த வேல தான் பாத்தாரு, சோன்மார்க் பக்கத்து கேம்ப்புல இருந்து ஜோஜிலா கணவாய் ஏறி திராஸ் வரைக்கும், சக்திமான் வண்டியில.

ஜோஜிலா பதினோராயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல. திராஸ் கிட்ட போகப்போக ரோடு முழுக்க எதிரிங்க கண்ணுக்கு நேரா, மேல தோலோலிங்ல ஒக்காந்துக்கிட்டு வண்டி போறத பாத்து குண்டு போடுவாங்க, அதனால ராத்திரில தான் ஓட்டணும், ஹெட்லைட் போடக்கூடாது. முன்னாடி போற வண்டியோட பின் ஆக்சில் நடுவுல இருக்கற உருண்டையில வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்குமாம், அது மேல விழற மாதிரி ஒரு குட்டி பல்பு எரியும், அந்த வெள்ளைய மட்டும் பாத்துக்கிட்டே பின்னாடி போகணும். இத நைனா ரெண்டே வரியில சொல்லிட்டு விட்டுட்டாரு. ஆனா கேம்ப்புல இருந்த பகல் நேரத்த பத்தி கேட்டா ஒரு மணி நேரம் பேசறாரு, "ஓட்டற நேரம் கொஞ்சம் பாப்பா, காத்துக்கினு இருக்கற நேரம் தான் ஜாஸ்தி, நாங்க வாழ்ந்தது எல்லாம் அதுல தான்"னாரு.

விடியக்காலம் வண்டி திரும்பி வந்ததும் மொத வேல, பானட் சூடு ஆறதுக்குள்ள தொவைச்ச சாக்ஸையும் பனியனையும் அது மேல காயப் போடறது, வெயில் வர லேட்டாகும் இல்ல. வண்டிக் கண்ணாடிய திருப்பி வெச்சுக்கிட்டு ஷேவிங். அப்பறம் வண்டிக்கு அடியில தார்பாய் விரிச்சு தூக்கம். எழுந்தா சீட்டு. காலம்ல இருக்கற மு தான் எங்க நைனா, பா பாலக்காட்டுக்காரரு, ரெ நெல்லூர்ல இருந்து வந்த ரெட்டி, சி ஜலந்தர் பக்கத்து சர்தார், அவருக்கு ரம்மி சொல்லிக் குடுத்ததே இவங்க மூணு பேரும் தானாம், கோடு எண்ணிப் பாத்தா அவருக்கு தான் கம்மி, அதாவது அவர் தான் அதிகம் ஜெயிச்சிருக்காரு, கோடு தோத்தவங்களுக்கு. காசு வெச்சு ஆடல. தோத்தவரு மறுநாள் நாலு பேருக்கும் வெந்நி வெக்கணும். பனி உருகி வர்ற ஓடையில தண்ணி மொண்டா கை மரத்துப் போயி பக்கெட் பிடி கையில இருக்கறதே தெரியாதாம், அதனால இருபது ரூபா தோக்கறத விட இது பெரிய தண்டனை. அந்த ஒசரத்துல தண்ணி சீக்கிரமா கொதிச்சுடும், ஆனா கொதிக்கிற தண்ணியிலயே சூடு பத்தாது, பருப்பு வேகவே வேகாது, குக்கர் வெச்சா தான் சாம்பார். ஞாயித்துக்கெழம லங்கர்ல, அதான் பட்டாளத்து சமையல்கட்டுல, கெஞ்சிக் கேட்டு குக்கர் வாங்கிட்டு வந்து, அம்மா ஹார்லிக்ஸ் பாட்டில்ல அடைச்சுக் குடுத்த சாம்பார் பொடி போட்டு வெப்பாங்க. நைனா குடிக்க மாட்டாரு, அவர் பங்கு ரம்ம சர்தாருக்கு குடுத்துட்டு மில்க்மெய்ட் டின் வாங்கிப்பாராம். அந்த டின் ஒண்ணு காலியா இன்னும் பெட்டியில இருக்கு, ஊசி நூல் பட்டன் போட்டு வெச்சிருக்காரு. சாயங்காலமானா விவித பாரதில ஜெய்மாலா, பட்டாளத்துக்காரங்க கேட்ட பாட்டு போடுவாங்க, நாலு பேரும் பெட்டிய சுத்தி ஒக்காந்து கேப்பாங்க, நைனாவுக்கு இன்னைக்கும் தெரிஞ்ச ஹிந்தி பாட்டெல்லாம் அதுல கேட்டது தான்.

இப்ப பட்டறைக்கு வரேன். ரெண்டாவது தடவ போனப்ப முன்பக்க எழுத்து இல்ல. வேலைக்கு இருந்த பையன் கிரைண்டர்ல பிரஷ் போட்டு மொத்தமா தேய்ச்சுட்டான். நான் அங்கயே நின்னு அழுதுட்டேன், உண்மைய சொல்றேன். அது 1980ல நைனா தானா கையால எழுதினது. பாய் மழுப்பல, பையன் மேலயும் பழி போடல, "நான் எதிர்ல ஒக்காந்து பாத்திருக்கணும், தப்பு என்னுது தாம்மா"ன்னு சொன்னாரு, 300 ரூபா கொறச்சுக்கறேன்னாரு. எழுத்து எழுதறவர வரவெச்சு ஸ்டென்சில் வெச்சு அதே நம்பர், அதே பேரு எழுதித் தந்தாங்க. நீட்டா இருக்கு, அளவெடுத்த மாதிரி இருக்கு, ஆனா எங்க நைனா 4 போட்டா மேல மூடாம தொறந்து போடுவாரு, இது மூடின 4. சொல்லி வெச்ச வேலைய மறந்து செய்யறது பெரிய கொறை, இதுக்கு நான் மார்க் கொறச்சு தான் போடுவேன்.

ஆனா அதே நாள் அந்த பாய் இன்னொண்ணு காட்டினாரு. பையன் கிட்ட இருந்து மூடிய வாங்கி தன் மடியில வெச்சிருந்தாரு. மூடியோட மேல்பக்கத்த உள்ளங்கையால தடவி, "இங்க வாம்மா, இதுல எழுத்து கீது பாரு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, வெறும் கருப்பு. கதவு பக்கம் கொண்டு போயி வெளிச்சம் சாய்வா விழற மாதிரி புடிச்சாரு, அப்ப தெரிஞ்சுது. பால்பாயிண்ட் பேனா அழுத்தின தடம். இன்லேண்டு லெட்டர் மெல்லிசு காயிதம் இல்லையா, மூடிய மூடி அது மேல வெச்சு எழுதியிருக்காரு, பெயிண்ட்டுல வரி வரியா பதிஞ்சிருக்கு, ஒண்ணு மேல ஒண்ணா நூத்துக்கணக்குல, முக்காவாசி படிக்க முடியாது. ஓரத்துல மட்டும் நல்லா தெரியுது. "கத்திரி நாத்து"ன்னு ஒரு எடத்துல. "மோட்டர் காயில்"னு ஒரு எடத்துல. ஒரு எடத்துல என் பேரு, பக்கத்துல "பீஸ் கட்"டு வரைக்கும்.

பாய் "தேய்ச்சா போயிடும், இத அப்டியே விட்டுடறேன், துணியால தொடச்சு மேல வெறும் வார்னிஷ் ஒரு கோட்டு மட்டும் குடுக்கறேன், துரு ஏறாது"ன்னாரு. அப்டியே செஞ்சும் குடுத்தாரு. பெட்டி நாலு பக்கமும் பளபளன்னு புதுசாவும் மூடி மட்டும் பழசாவும் இருக்கு, பாக்கறவங்க வேல பாதில நின்னுடுச்சான்னு கேக்கறாங்க. அந்தக் கண்ணும் அந்தக் கையும் வேற எந்தக் கடையிலயும் கெடைக்காது, இதுக்காகவே நான் இந்த எடத்த சொல்றேன்.

அந்த லெட்டர்ங்க எங்க கிட்ட இல்ல, அம்மா ஒரு பையில போட்டு பரண்ல வெச்சிருந்தாங்க, கரையான் அரிச்சுடுச்சு. எனக்கு ஞாபகம் இருக்கறது என்னன்னா, 56 ஏ.பி.ஓ.ன்னு பட்டாளத்து போஸ்ட் ஆபீஸ் முத்திரை போட்டு பத்து பன்னெண்டு நாள் கழிச்சு தான் லெட்டர் வரும், எந்த ஊர்ல இருக்கேன்னு எழுதமாட்டாரு, எழுதவும் கூடாது, சண்டைய பத்தி ஒரு வரி இருக்காது. டிவியில குண்டு வெடிக்கும், கையில இருக்கற லெட்டர்ல கெணத்து மோட்டர் காயில் கட்டியாச்சா, கத்திரி நாத்து எலவம்பாடியில இருந்து வாங்கினியா, கடலைக்கு களை எடுக்க யார கூப்ட்டன்னு இருக்கும். அம்மா கோவமா "இவருக்கு அங்க இருந்துக்கினு மோட்டர் கவல"ன்னு சொல்லுவாங்க, சொல்லிட்டு அன்னைக்கே காயில் கட்டறவர கூப்பிட ஆள் அனுப்புவாங்க. அது ராத்திரி பூரா வெள்ளை உருண்டைய பாத்து வண்டி ஓட்டிட்டு வந்து, தூங்காம பெட்டி மேல வெச்சு எழுதின லெட்டர்னு பட்டறையில அந்த மூடிய பாக்கற வரைக்கும் எனக்கு தோணினதே இல்ல. அந்தச் சண்டையில நம்ம பக்கம் 527 பேர் போயிட்டாங்க. எங்க நைனா அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ்ல காட்பாடி வந்து எறங்கினாரு, இதே பெட்டிய போர்ட்டர் கிட்ட குடுக்காம தானே தோள்ல வெச்சுக்கிட்டு வந்தாரு.

குடுக்கப் போறவங்க இத மட்டும் செய்யுங்க. பெட்டிய எல்லா பக்கமும், முக்கியமா சாய்ஞ்ச வெளிச்சத்துல, ஃபோன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தொடக்கூடாத எடத்துல நீங்களே மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு குடுங்க, வாயால சொன்னா பத்தாது. பாய் இருக்கறப்ப போய் அவர் கையில குடுங்க, பையன் கிட்ட குடுக்காதீங்க. வெள்ளிக்கெழம மதியம் தொழுகைக்கு மூடிடுவாங்க. ஜிபே வாங்கறாங்க. தகர வேலைக்கும் ரிவிட்டுக்கும் முழு மார்க், அடியில தண்ணி ஊத்திப் பாத்தேன், ஒரு சொட்டு எறங்கல. கீல் மொதல்ல கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, தேங்கா எண்ணெய் விட்டதும் சரியாயிடுச்சு. எழுத்து வேல இருந்தா வேற எடத்துல பாத்துக்கோங்க.

வீட்டுக்கு கொண்டாந்ததும் நைனா மொதல்ல மூடிய தொறந்து உள்ள ஸ்கோர் இருக்கான்னு பாத்தாரு. அப்பறம் நான் டார்ச் அடிச்சு மேல இருக்கற எழுத்த காட்டினேன், கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு "நாத்து வாங்கினாளா அந்த வருஷம்?"னு கேட்டாரு, அம்மா உள்ள இருந்தே "வாங்கினேன், வாங்கினேன், முள்ளு கத்திரி, நீங்க வரதுக்குள்ள காய்ச்சு முடிஞ்சிடுச்சு"ன்னாங்க. முன்பக்க நம்பர பாத்து "நம்பர் சரியா தான் கீது"ன்னு மட்டும் சொன்னாரு. ஒரு வாரம் கழிச்சு பாகாயம் போய் சின்ன பிரஷ் ஒண்ணும் வெள்ளை பெயிண்ட் ஒரு குட்டி டப்பாவும் வாங்கியாந்து, கொஞ்சம் கருப்ப தொட்டு அந்த 4-ஓட மேல்பக்கத்த மூடியிருந்த எடத்த அழிச்சாரு, அப்பறம் பேருக்குக் கீழ இருந்த கோட்ட தன் கையால மறுபடி இழுத்தாரு. அறுபத்தஞ்சு வயசுக்கு கை நடுங்கும்னு நான் பக்கத்துல நின்னேன், நடுங்கல. பெயிண்ட் காய ரெண்டு நாள் ஆச்சு, அது வரைக்கும் பேரப்பசங்க யாரையும் திண்ணை பக்கம் விடல.